விலை அட்டையும் காப்புரிமை வழக்கும்: வாங்குமுன் வணிகர் அறிய வேண்டியவை

காலையில் கடை திறந்ததும் நாம் கவனிக்கும் வேலைகளில் ஒன்று அன்றைய விலையை எழுதுவது. முந்தின நாள் கொள்முதலைப் பார்த்து, துவரம் பருப்பு மூட்டையிலும் மிளகாய் வத்தல் மூட்டையிலும் செருகியுள்ள அட்டையை மாற்றி எழுதுகிறோம். வரத்து கூடினால் விலையை இறக்குகிறோம், குறைந்தால் ஏற்றுகிறோம். ஐம்பது அறுபது சரக்கு வைத்திருக்கும் கடையில் இது பத்து நிமிட வேலை.

பெரிய அங்காடிகளில் கதை வேறு. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2024 ஜூனில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அதன் ஒரு கடையில் 1,20,000க்கும் மேற்பட்ட சரக்குகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி விலைச் சீட்டு உண்டு. விலை மாற்றம் வந்தால் ஓர் ஊழியருக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலை, மின்னணு விலை அட்டை வந்தபின் சில நிமிடங்களில் முடியும் என்றது அந்நிறுவனம். 2026க்குள் 2,300 கடைகளில் இதைப் பொருத்தப் போவதாகவும் அறிவித்தது.

மின்னணு விலை அட்டை உலகின் பெரிய கடைகளுக்கு வந்துவிட்டது. அதோடு சேர்ந்து, அதைச் செய்யும் நிறுவனங்களுக்கு இடையே காப்புரிமை வழக்கும் வந்துவிட்டது. யாரோ இருவர் போட்டுக்கொள்ளும் வழக்கு நமக்கெதற்கு என்று நாம் இருந்துவிடக் கூடாது. காப்புரிமைச் சட்டம் ஒரு கருவியைச் செய்தவரை மட்டும் பார்ப்பதில்லை. அதை விற்றவரையும், வாங்கித் தன் கடையில் பயன்படுத்துபவரையும் பார்க்கிறது.

அட்டை எப்படி வேலை செய்கிறது?

அலமாரியின் விளிம்பில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு அட்டை பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு சிறு திரை, ஒரு சர்க்யூட் பலகை, ஒரு பாட்டரி, அலைகளை வாங்க ஒரு ஆண்டெனா ஆகியவை இருக்கும். கடையின் கூரையில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்கள் மாட்டப்பட்டிருக்கும். அலுவலக அறையில் உள்ள கம்ப்யூட்டரில் விலையை மாற்றினால், டிரான்ஸ்மிட்டர் அந்தச் செய்தியை அலையாக அனுப்பும். ஒவ்வொரு அட்டைக்கும் தனி எண் உண்டு. எந்த எண்ணுக்குச் செய்தி வந்ததோ அந்த அட்டை மட்டும் தன் திரையை மாற்றிக்கொள்ளும். வாடிக்கையாளர் கண்ணெதிரே விலை மாறிவிடும்.

பெரும்பாலான அட்டைகளில் உள்ள திரை மின்தாள் எனப்படும் வகையைச் சேர்ந்தது. நுண்ணிய உருண்டைகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். மின்சாரம் கொடுக்கும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். ஒரு முறை எழுத்து உருவானபின் அதைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டாம். மாற்றும்போது மட்டுமே வேண்டும். ஆகையால் சிறு பாட்டரி பல ஆண்டுகள் தாங்குகிறது. இத்தகைய மின்தாளை வணிக அளவில் கொண்டுவந்த ஈ இங்க் நிறுவனம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 1997இல் பிறந்தது.

மின்னணு விலை அட்டைத் தொழில் அதற்கும் முந்தியது. சுவீடனில் பிரைசர் நிறுவனம் 1991இல் தொடங்கப்பட்டது. பிரான்சில் எஸ்.இ.எஸ். நிறுவனம் 1992இல் தொடங்கப்பட்டது. பிந்தியது 2014இல் ஆஸ்திரியாவின் இமேகோடேக் நிறுவனத்தை வாங்கி, எஸ்.இ.எஸ்.-இமேகோடேக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் வூஷன் குரூப் ஆயிற்று. சீனாவில் 2012இல் ஹான்ஷோ நிறுவனம் தோன்றியது. இப்பொழுது இத்தொழிலின் பெரிய போட்டியாளர்களில் இவ்விரண்டும் அடக்கம்.

காப்புரிமை என்பது என்ன?

புதிதாக ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தவர் அதை ஒளிக்காமல் அரசிடம் எழுதிக் கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அதை மற்றவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இதுவே பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை. காலம் முடிந்ததும் அந்த நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

ஒரு மனையை வாங்கும்போது பத்திரத்தில் நான்கெல்லை பார்க்கிறோம் அல்லவா? கிழக்கே யார் நிலம், மேற்கே எந்தத் தெரு என்று எழுதியிருக்கும். காப்புரிமைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. 'நான் கண்டுபிடித்தது இன்ன இன்ன அம்சங்கள் கொண்ட கருவி' என்று விண்ணப்பதாரர் பகுதி பகுதியாக எழுதுகிறார். இவற்றுக்குக் கோரிக்கைகள் என்று பெயர். அந்த அம்சங்கள் அத்தனையும் மற்றவர் சரக்கில் இருந்தால்தான் அவர் எல்லைக்குள் வந்தார் என்று பொருள். ஒரு அம்சம் விட்டுப்போனாலும் பொதுவாக வழக்கு நிற்காது.

இதனால் 'மின்னணு விலை அட்டை' என்ற எண்ணத்துக்கே ஒருவர் மொத்தமாக உரிமை கொண்டாட முடிவதில்லை. பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்கு ஒரு காப்புரிமை, ஆண்டெனாவை வைக்கும் விதத்துக்கு ஒன்று, ஆயிரக்கணக்கான அட்டைகளுக்கு ஒரே டிரான்ஸ்மிட்டர் முறைவைத்துப் பேசுவதற்கு ஒன்று என்று ஒரு சிறு அட்டைக்குள்ளேயே பல காப்புரிமைகள் இருக்கக்கூடும். எது யாருடையது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் நடந்த வழக்கு

ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஒன்றிணைந்த காப்புரிமை நீதிமன்றம் என்ற ஒன்றை அமைத்துள்ளன. 2023 ஜூன் 1 அன்று 17 நாடுகளுக்காக அது செயல்படத் தொடங்கியது. முன்பெல்லாம் ஜெர்மனியில் ஒரு வழக்கு, பிரான்சில் ஒரு வழக்கு, நெதர்லாந்தில் ஒரு வழக்கு என்று போட வேண்டியிருந்தது. இப்பொழுது ஒரே உத்தரவு பல நாடுகளில் செல்லும். வாதிக்கு இது பெரிய ஆயுதம். பிரதிவாதிக்குப் பெரிய ஆபத்து.

நீதிமன்றம் தொடங்கிய அதே ஆண்டில் எஸ்.இ.எஸ்.-இமேகோடேக், அதன் மியூனிக் கிளையில் ஹான்ஷோ மீது மனுப் போட்டது. 'எங்கள் காப்புரிமையை மீறி விலை அட்டை விற்கிறார்கள். இடைக்காலத் தடை வேண்டும்' என்பது கோரிக்கை. அமெரிக்காவிலும் நியூயார்க் மாநிலத்தின் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்றில் அதே 2023இல் வேறு காப்புரிமைகளை வைத்து வழக்குத் தொடுத்தது.

மியூனிக் வழக்கில் கேள்வி மிக நுட்பமானது. அட்டையின் உறைக்குள் சர்க்யூட் பலகை எந்தப் பக்கம், ஆண்டெனா எந்தப் பக்கம் என்ற இட அமைப்பைப் பற்றியதாக அது இருந்தது. கோரிக்கையில் எழுதியிருந்த சொற்களுக்கு என்ன பொருள் என்பதில் இரு தரப்பும் மோதின. விரிவான பொருள் கொண்டால் ஹான்ஷோ அட்டை எல்லைக்குள் வரும். குறுகிய பொருள் கொண்டால் வெளியே போகும்.

நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? எல்லைத் தகராறு வந்தால் நாம் மூலப்பத்திரத்தைப் புரட்டுவது போல, முதன்முதலில் தாக்கல் செய்த விண்ணப்பத்தில் கோரிக்கை எப்படி இருந்தது என்று பார்த்தது. காப்புரிமை பெறும் நடைமுறையில் விண்ணப்பதாரர் சொற்களை மாற்றியிருந்தால், முதலில் எழுதியது எது, பின்னர் மாற்றியது எது என்பதை ஒப்பிட்டுப் பொருள் காணலாம் என்றது. அப்படிப் பார்த்ததில் ஹான்ஷோ அட்டை எல்லைக்குள் வருவதாகத் தோன்றவில்லை. 2023 டிசம்பர் 20 அன்று தடை மறுக்கப்பட்டது.

எஸ்.இ.எஸ். மேல்முறையீடு செய்தது. லக்சம்பர்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 மே 13 அன்று அதைத் தள்ளுபடி செய்தது. அந்த அட்டைகள் காப்புரிமையை மீறியிருப்பதைவிட மீறாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவு. இது இடைக்காலத் தடை பற்றிய முடிவு மட்டுமே என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தடை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது செல்லுபடியாகும் நாடுகளில் அந்த அட்டைகளின் விற்பனை நின்றிருக்கும். ஏற்கெனவே பாதிக் கடைக்கு அட்டை பொருத்திவிட்டு மீதிப் பாதிக்கு ஆர்டர் கொடுத்திருந்த கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் அட்டை இன்னொரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டருக்குப் பொதுவாகச் செவிசாய்ப்பதில்லை. வேறு கம்பெனி அட்டையை வாங்கி நிரப்பலாம் என்றால் டிரான்ஸ்மிட்டரிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். போட்ட முதல் அலமாரியிலேயே முடங்கும்.

வாங்கியவர் வாசலுக்கு வந்த கடிதங்கள்

இது வெறும் கற்பனைப் பயமன்று. நாம் தினமும் பார்க்கும் பார்கோடு விஷயத்திலேயே இது நடந்திருக்கிறது.

பார்கோடுக்கு அமெரிக்காவில் வுட்லண்ட், சில்வர் என்ற இருவர் 1952இல் காப்புரிமை பெற்றனர். அது காலாவதியான பிறகுதான் 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு பலசரக்கு அங்காடியில் முதன்முதலாக ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு கல்லாவில் படிக்கப்பட்டது. ஆகவே பார்கோடு எல்லோருக்கும் பொது என்று உலகம் நினைத்தது.

ஆனால் ஜெரோம் லெமல்சன் என்ற கண்டுபிடிப்பாளர் 1954, 1956 ஆண்டுகளிலேயே படம் பிடித்துப் பொருளை ஆராயும் இயந்திரம் பற்றி விண்ணப்பம் செய்திருந்தார். அதன் தொடர்ச்சியாகப் பல ஆண்டுகள் கழித்துப் பெற்ற காப்புரிமைகள் பார்கோடு படிப்பதையும் தழுவும் என்று அவர் தரப்பு கூறிற்று. பார்கோடு கருவி செய்தவர்களை விட்டுவிட்டு, அதை வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கு 'உரிமத் தொகை கட்டுங்கள்' என்று கடிதங்கள் போயின. வாடிக்கையாளர்கள் கருவி செய்தவர்களிடம் ஓடினர். சிம்பல், காக்னெக்ஸ் முதலிய நிறுவனங்கள் தாங்களே நெவாடா மாநில ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

2004 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விண்ணப்பத்துக்கும் காப்புரிமை வழங்கப்பட்டதற்கும் இடையே 18 முதல் 39 ஆண்டுகள் வரை ஓடிவிட்டன. இந்தக் காரணமற்ற தாமதத்தால் அந்தக் காப்புரிமைகளைச் செயல்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீதி கிடைத்தது உண்மை. ஆனால் அதற்குள் வழக்குக்குப் பயந்து பணம் கட்டியவர்கள் பலர்.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1970இல் ஓர் ஆங்கில நிறுவனம், சாலையில் கோடு போடும் இயந்திரங்களை மைக்ரோபீட்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்திடம் வாங்கியது. வாங்கிய பிறகு, அந்த நுட்பத்துக்கு வேறொருவரின் காப்புரிமை விண்ணப்பம் வெளியாயிற்று. அவர் வாங்கியவர் மீது பாய்ந்தார். விற்றவரோ 'விற்ற அன்று எனக்குத் தெரியாது' என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. வாங்கிய பொருளைத் தொல்லையின்றி அனுபவிக்க விடுவேன் என்ற வாக்குறுதி விற்பனையிலேயே அடங்கியிருக்கிறது. விற்பவர் குற்றமற்றவராயினும் அது மீறப்பட்டால் அவர்தான் பொறுப்பு என்றது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

அதே வாக்குறுதி நம்முடைய 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலும் உள்ளது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதி இதை விலக்கிவிட 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகையால் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, கருவியைச் செய்வது, பயன்படுத்துவது, விற்பது, விற்பனைக்கு வைப்பது, அதற்காக இறக்குமதி செய்வது ஆகிய அனைத்தையும் தடுக்கும் உரிமையைக் காப்புரிமையாளருக்குத் தருகிறது. 'பயன்படுத்துவது' என்ற சொல்லை வணிகர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பம் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

இதில் நமக்கு ஆறுதலான செய்திகளும் உண்டு. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. ஐரோப்பாவில் பெற்ற காப்புரிமை இங்கே தானாகச் செல்லாது. இந்தியாவில் தனியே பெற்றிருக்க வேண்டும். காப்புரிமை இருப்பது தெரியாமல், தெரிந்துகொள்ள நியாயமான காரணமும் இல்லாமல் மீறியவர் அதை நிரூபித்தால், 111ஆம் பிரிவின்படி அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. பொருள்மீது எண் குறிப்பிடாமல் 'பேட்டண்ட்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது அறிவிப்பாகாது. ஆனால் இனிமேல் பயன்படுத்தாதே என்று நீதிமன்றம் தடை போடலாம் என்பதை மறக்கக் கூடாது.

ஆதாரமின்றிக் கடிதம் எழுதி மிரட்டினால், 106ஆம் பிரிவின்படி மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மின்னணு விலை அட்டை மட்டுமல்ல, எலெக்ட்ரானிக் தராசு, பில் போடும் இயந்திரம், கடை வாசலில் விளம்பரம் காட்டும் திரை என எந்தக் கருவிக்கும் பின்வருவன பொருந்தும்.

1. காப்புரிமைத் தகராறு வந்தால் வழக்குச் செலவையும் நஷ்டத்தையும் விற்பவரே ஏற்பார் என்று எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

2. தடை வந்தால் மாற்றுக் கருவி தருவாரா, பணத்தைத் திருப்பித் தருவாரா என்பதையும் அதிலேயே எழுதச் செய்ய வேண்டும்.

3. எழுதிக் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். நாளைக்கே கடையை மூடிவிட்டுப் போகக்கூடிய தரகர் கொடுத்த உறுதிமொழிக்கு மதிப்பில்லை. நம் நாட்டில் முகவரியுள்ள நிறுவனமாக இருக்கட்டும்.

4. பொதுத் தரத்தின்படி செய்ததா என்று கேட்க வேண்டும். 2023 பிப்ரவரியில் வெளியான புளூடூத் 5.4 பதிப்பில் விலை அட்டைகளுக்கென்றே பொதுமுறை வகுக்கப்பட்டுள்ளது. பொதுமுறை என்பதால் காப்புரிமை இல்லை என்று ஆகாது. ஆனால் ஒரே கம்பெனியிடம் சிக்கிக்கொள்ளும் நிலை குறையும்.

5. வயர்லெஸ் கருவியாதலால் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஒப்புதல் பெற்றதா என்று சான்று கேட்க வேண்டும்.

6. வாங்கிய பில், ஒப்பந்தம், விளம்பரத் துண்டு எல்லாவற்றையும் கருவி இருக்கும்வரை கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

கடிதம் வந்துவிட்டால்?

பதறிப் பணம் கட்டக் கூடாது. கிழித்தும் போடக் கூடாது. கடிதத்தில் இந்தியக் காப்புரிமை எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண் இருந்தால், அது உயிரோடு உள்ளதா, யார் பெயரில் உள்ளது என்பதைக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் பகுதிக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அடுத்து, கருவியை விற்றவருக்குக் கடித நகலுடன் பதிவுத் தபாலில் தகவல் அனுப்ப வேண்டும். பிறகு ஒரு வழக்கறிஞரைக் கலந்து பதில் எழுத வேண்டும். அதே கடிதம் பக்கத்துக் கடைக்கும் வந்திருக்கலாம். சங்கத்துக்குத் தெரிவித்தால் சேர்ந்து எதிர்கொள்ளலாம், செலவும் பங்காகும்.

இன்றைய நிலையில் நம் சிறுகடைகளுக்கு இந்த அட்டை அவசரத் தேவையன்று. பாக்கெட் சரக்கில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியே வருகிறது. திரையில் எதைக் காட்டினாலும் அதற்கு மேல் விற்க முடியாது. சில்லறையாக எடைபோட்டு விற்கும் பருப்புக்கும் புளிக்கும் சாக்பீஸ் பலகையே போதும். ஆனால் அட்டையின் விலை இறங்க இறங்க, நம்மில் சிலர் கடையை விரிவாக்கும்போது அதை வாங்கவே செய்வோம்.

மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் பருப்பு வாங்குவதில்லை. மனை வாங்கினால் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. கடைக்கு வாங்கும் கருவிக்கும் வில்லங்கம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாத வில்லங்கம். கேட்டு வாங்குவோம், எழுதி வாங்குவோம்.